பல்லால் கேட்ட வண்டி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், உன் மாமா, என் மாமியார் மூன்று பேரும் சாமி புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இந்த ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போடுகிறாயா?

உன் மாமாவின் போனுக்கு நீ தட்டி அனுப்பியதை அவர் வாசித்துக் காட்டினார். "இனிமேல் போன் வேண்டாம், பட்டறையில் எடுக்க முடியாது, கடிதம் எழுதச் சொல்லுங்கள்" என்று இருந்தது. சரி, எழுதுகிறேன். எனக்கும் அந்தக் குட்டி எழுத்தில் தட்ட வராது. என் ஒரு விரல் பட்டால் மூன்று எழுத்து விழுகிறது. வீட்டுக் கணக்கில் தபால் தலைக்கு ஒரு வரி சேர்த்தாயிற்று. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பல வருஷமாக ஞாயிறு சாயங்காலம் தவறாமல் கூப்பிடுகிறவன் நீ. ஞாயிற்றுக்கிழமையிலுமா பட்டறை?

புது வேலை பிடித்திருக்கிறதா? பெரிய கம்பெனியை விட்டுவிட்டு நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போனாயே என்று உன் மாமா இன்னும் முனகுகிறார். அப்படி என்ன வண்டி அது? சூப்பர்சார்ஜர் என்றாயே, அது என்ன? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

காற்று குளிராக இருக்கிறது. காய்ச்சலில் போன உன் இடது காது போனதுதான், அப்போது உனக்கு ஆறு வயது, அதைப் பற்றி இப்போது பேசி என்ன. மிச்சமிருக்கிற வலது காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ. உனக்காகத் தினமும் கேட்டுக்கொள்கிறேன், யாரிடம் என்று உனக்குத் தெரியும்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கைக்கு வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்குத்தான். மாமாவுக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம்.

பட்டறை ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு. சுவர் தடிமன் என்பதால் சத்தம் வெளியே போகாது, எல்லாம் நமக்கே. இங்கே நாலு பேர். முதலாளி ஒரு அம்மா. முன்பு தண்ணீர் பம்பு வடிவமைத்துக்கொண்டிருந்தவர். எல்லோரும் இன்ஜினியரம்மா என்போம். அடுத்தது வெல்டர், பேசவே மாட்டார். மூன்றாவது பெயிண்டர், அவர் பங்கையும் சேர்த்து இவர் பேசுவார். நாலாவது நான். எனக்கு இங்கே பெயர் "காது". "காதைக் கூப்பிடு", "காது இன்னும் சாப்பிட வரலையா" என்றுதான் பேச்சு. வண்டி முழுசாகப் பூட்டினபிறகு அதை ஓடவிட்டுக் கேட்டு, சரி என்று சொல்ல வேண்டியது என் வேலை. நான் சரி என்றால்தான் வண்டி கதவைத் தாண்டும்.

சூப்பர்சார்ஜர் பெரிய விஷயம் இல்லை. சாதாரண என்ஜின் வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும், பசித்தால் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி. இதில் உள்ளங்கை அளவு ஒரு காற்றாடி, என்ஜின் சுற்றச் சுற்ற அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். சின்ன வயசில் நீ எனக்கு ஊட்டுவாயே, வாயை மூடினாலும் விடாமல், அதேதான். அப்படிச் சாப்பிட்ட என்ஜின் சும்மா இருக்குமா? மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும் என்கிறார் இன்ஜினியரம்மா. மொத்தம் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்தான் செய்வதாக இருக்கிறார். முதல் வண்டி பூட்டியாகிவிட்டது. ஓடவிட்டால் முதலில் ஒரு முனகல், அப்புறம் கத்தல், அப்புறம் ஒரே ஊளை. அதனால் பெயிண்டர் அதற்குப் பேய் என்று பெயர் வைத்துவிட்டார்.

காதைப் பற்றிக் கவலைப்படாதே. சீட்டுக்கு வெட்டிய சிவப்பு ஸ்பாஞ்சில் துண்டு துணுக்கு மிஞ்சுகிறது. அதை விரல் அளவுக்கு வெட்டி எல்லோரும் காதில் செருகிக்கொள்கிறோம். பெயிண்டர் கண்டுபிடிப்பு.

வண்டியை வாங்கப்போகிறவர் ஒரு மருந்துக் கடைக்காரர், அறுபதை நெருங்குகிறவர். இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். ஞாயிறுதோறும் வந்து, வண்டியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டம்மாவுக்குத் தெரியாதாம்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மாமியாருக்குத்தான் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. "நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கோங்க" என்றால் கேட்பதில்லை. அடுக்களையில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் மட்டும் "எனக்கு ரெண்டு" என்று குரல் வருகிறது. உன் மாமா, "அம்மாவுக்குக் காது கேட்குது, உனக்குத்தான் கேட்கலை" என்று என்னைச் சொல்கிறார்.

வண்டிக்கு அப்படிப் பெயர் வைத்தவர்களைக் கடவுள் காப்பாற்றட்டும். அந்த வார்த்தையை என் பேனா எழுதாது. நான் "அந்த வண்டி" என்றே எழுதுவேன்.

நீ பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய், ஞாயிற்றுக்கிழமையிலுமா பட்டறை என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மருந்துக் கடைக்காரர் ஞாயிறு வந்தால் நீயும் அங்கேதான் இருக்கிறாய் போல, என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மனசு கேட்கவில்லை. நேற்று தெருமுனைக் கடையிலிருந்து உன் பட்டறைக்குப் போன் போட்டேன். பெயிண்டர் எடுத்தார். நல்ல மனுஷன், வாய்க்குப் பூட்டே இல்லை.

"அக்காவா? வாங்க வாங்க! உங்க தம்பி இதோ என் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்காரு. ஏய் காது! காதூ! பாருங்க, திரும்பவே மாட்டேங்கிறாரு. ரெண்டு மாசமா இப்படித்தான். கூப்பிட்டா திரும்பறதில்லை. பெரிய மனுஷன் ஆயிட்டாருன்னு நாங்க கிண்டல் பண்றோம்."

"என்ஜின் ஓடுதாங்க?" என்று கேட்டேன்.

"இல்லையே அக்கா, சாப்பாட்டு நேரம். ஈ பறந்தா கேட்கும்."

நான் போனை வைத்துவிட்டேன். கடைக்காரர் பாக்கிச் சில்லறை கொடுத்ததைக்கூட வாங்காமல் வந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

தம்பி, நேராகக் கேட்கிறேன். உன் வலது காதும் கேட்கவில்லையா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஏப்ரல் 2

அன்பு அக்காவுக்கு,

எழுத நேரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே வேலை தலைக்கு மேல். உங்கள் எல்லோருடைய நலத்தையும் எழுது.

வண்டியைப் பிரித்து வண்ணம் பூசி, மறுபடி பூட்டியாகிவிட்டது. கறுப்பு என்றுதான் தோன்றும், வெயிலில் நிறுத்தினால் கரும்பச்சை. பெயிண்டர் ஏழு பூச்சு பூசினார். ஒவ்வொரு பூச்சுக்கும் யாரும் தும்மக்கூடாது என்று சட்டம். வெல்டர் வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார். பெட்ரோல் டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மழை விட்டுவிட்டது. அறைக்கு எதிரே சாலை போடுகிறார்கள். வீட்டுக்காரர் குழாய் மாற்றிக் கொடுத்தார். புது செருப்பு வாங்கினேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நான் ஒன்று கேட்டேன். நீ பெயிண்டைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறாய்.

இல்லை என்றால் "இல்லை அக்கா, உனக்கென்ன பைத்தியமா" என்று ஒரே வரியில் எழுதியிருப்பாய். எழுதவில்லை. அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் உன் கையால் எழுது. இதற்கும் செருப்பு வந்தால் அடுத்த பஸ்ஸில் நான் வருவேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குக் காட்டவில்லை. சாமிக்கு மட்டும் காட்டினேன்.

அக்கா


ஏப்ரல் 17

அன்பு அக்காவுக்கு,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுதியாயிற்று. இனி எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரியிலேயே ஆரம்பித்தது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்கிற மாதிரி. பேசுகிறவர் உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறேன். போனில் உதடு தெரியாது, அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். ஞாயிறு சாயங்காலம் உன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஆமா அக்கா, சரி அக்கா" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அன்று நீ என்ன சொன்னாய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டாக்டரிடம் போகவில்லை. ஏன் என்று திட்டாதே. இடது காதுக்கு அப்போது டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நரம்பு செத்துப்போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது." இந்த ஊளைச் சத்தத்தில் வலது நரம்பும் செத்திருக்கும். போய்க் காட்டினால் அதே வார்த்தையைச் சொல்வார்கள். சொல்லாதவரை செத்தது உறுதி இல்லையே என்று இருக்கிறேன். இடது காது கேட்காது என்பதையே இங்கே யாரிடமும் சொல்லவில்லை. காதுக்காக வேலைக்கு எடுத்தவர்களிடம் எப்படிச் சொல்வது?

அப்படியானால் வேலை எப்படிப் பார்க்கிறாய் என்பாய். அதையும் சொல்கிறேன், சிரிக்காதே. ஒரு நாள் இரண்டு கையிலும் வேலை, நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் நுனி தற்செயலாக சூப்பர்சார்ஜர் மூடியில் பட்டது. பட்டதும் எனக்குள்ளே வண்டி முழுசாகக் கேட்டது! பேரிங் உருள்கிறது, காற்றாடி சுற்றுகிறது, பெல்ட் ஓடுகிறது, எல்லாம் துல்லியமாக. அன்றையிலிருந்து யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பல்லால்தான் கேட்கிறேன்.

இப்போது கஷ்டம் அதில்தான். போன வாரம் சூப்பர்சார்ஜரில் ஒரு சத்தம் கேட்டது. டிக் டிக் என்று, மிகச் சின்னது. வண்டியிலிருந்து வருகிறதா, செத்துக்கொண்டிருக்கிற என் காதிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. ஒரு நாள் கேட்கிறது, ஒரு நாள் இல்லை. மே மாத நடுவில் மருந்துக் கடைக்காரருக்கு வண்டி போக வேண்டும். நிறுத்துங்கள் என்று நான் சொல்லி, பிரித்துப் பார்த்து உள்ளே ஒன்றும் இல்லை என்றால், "காதுக்கு என்ன ஆச்சு" என்று கேட்பார்கள். வேலை போகும். சொல்லாமல் விட்டு உள்ளே ஏதாவது இருந்தால், முந்நூறில் போகும்போது அது உடைந்தால், அந்த மனுஷன்...

நேற்றும் வந்திருந்தார். ஹெல்மெட் வாங்கிவிட்டாராம், கடையில் இருமல் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு நானும் சிரித்தேன்.

என்ன செய்யட்டும் அக்கா?

தம்பி


ஏப்ரல் 22

என் கண்ணுக்குக் கண்ணான தம்பிக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். எல்லோரும் நலம். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. வரிசையை மாற்றாதே.

முதலில் போய் உன் இன்ஜினியரம்மாவிடம் சொல். சத்தம் கேட்கிறது என்று சொல், எதால் கேட்கிறாய் என்றும் சொல். வேலை போனால் போகட்டும். நம் வீட்டில் ஒரு அறை சும்மாதான் இருக்கிறது, துணி காய்கிறது அதில். உனக்குச் சந்தேகம் இருக்கிற வண்டியில் இன்னொரு வீட்டு மனுஷன் ஏறக்கூடாது. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நானும் நேற்று முழுக்க உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது இரண்டாவது. இதை நன்றாக, இரண்டு தடவை படி.

மாமியாரைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே பரிசோதிக்கிற பெண் இரண்டு முனையுள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்காரம் போடும்போது காதுக்கு முன்னால் பிடித்தாள். "கேட்குதா பாட்டி?" "இல்லை." அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தாள். "இப்போ?" "லேசா." எதற்கு இரண்டு இடம் என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். காற்று வழியாக வரும் சத்தம் காது ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். எலும்பு வழியாக வரும் சத்தம் அந்த வாசலுக்குப் போகாமல் நேரே நரம்புக்குப் போய்விடும். எலும்பில் நன்றாகக் கேட்டு, காற்றில் கேட்காவிட்டால், நரம்பு உயிரோடுதான் இருக்கிறது, வாசலில்தான் ஏதோ அடைப்பு.

"பல்லு எலும்பாம்மா?" என்று கேட்டேன். "எலும்பு மாதிரிதான் அக்கா, மண்டையோட்டோட சேர்ந்ததுதானே?" என்றாள். "ஒருத்தன் பல்லால கடிச்சுக்கிட்டு மெஷின் சத்தம் எல்லாம் கேட்கிறானே, அவனுக்கு நரம்பு செத்திருக்குமா?" என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "செத்த நரம்புக்குப் பல்லால கேட்டாலும் கேட்காது. அவரை உடனே காது டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றாள். மாமியார், "யாருக்குப் பல்லுல காது?" என்று மூன்று தடவை கேட்டார்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனக வேண்டுமாம். அடைப்பு இருக்கிற காதில்தான் அது பெரிசாகக் கேட்குமாம். செத்த காதில் கேட்காது. நான் சாயங்காலம் சாமி முன்னால் உட்கார்ந்து, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பார்த்தேன். அடைத்த பக்கம்தான் கோயில் மணி மாதிரி கேட்டது. உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நீயும் செய். இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் செய். வலது பக்கம் பெரிசாகக் கேட்டால் நேரே டாக்டர். ஆனால் அதற்கும் முன்னால் வண்டி. எண்ணெய் கிண்ணெய் காய்ச்சிக் காதில் விடாதே.

உன் அக்கா


ஏப்ரல் 30

அன்பு அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம் என்று எழுத முடிகிறது.

உன் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு முனகினேன். வலது பக்கம் ஒரு தேனீக் கூடே இருக்கிறது அக்கா! அறையில் தனியாக நின்று மூச்சு முட்ட முனகிக்கொண்டே இருந்தேன். கீழ் வீட்டுக்காரர் வந்து உடம்பு சரியில்லையா என்று சைகை காட்டினார்.

ஆனாலும் வரிசையை மாற்றவில்லை. மறுநாள் காலையில் இன்ஜினியரம்மா முன்னால் போய் நின்றேன். சத்தத்தையும் சொன்னேன், பல்லையும் சொன்னேன், இரண்டு காதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் உதட்டைப் பார்க்க வசதியாக நேரே திரும்பி உட்கார்ந்தார்.

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"வேலை போயிடும்னு."

"வண்டி வெளியே போயிருந்தா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேஜையைத் தட்டி என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தார். "அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வா."

என்ஜினை ஓடவிட்டு அவரே முதலில் கடித்தார். அப்புறம் துடைத்து வெல்டரிடம் கொடுத்தார். வெல்டர் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பெயிண்டர், "ஏற்கெனவே மூணு பேர் கடிச்சதை நான் கடிக்கணுமா, எனக்குன்னு ஒரு கௌரவம் இல்லையா" என்று இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் கடித்தார். கடித்ததும் அவர் முகம் மாறியது. அவருக்கும் கேட்டிருக்கிறது. எல்லோருக்கும் கேட்டது. டிக் டிக் என் தலையில் இல்லை அக்கா, வண்டியில்தான்.

சாயங்காலத்துக்குள் பிரித்துவிட்டோம். பேரிங் உட்கார்கிற பள்ளம் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரியாமல், பெயிண்டுக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கிற கண்ணாடிப் பூச்சு. சூட்டில் அது இளகி, பேரிங் மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இன்ஜினியரம்மா மெதுவாகப் பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

"உள்ளேயுமா பூசினீங்க?"

"யாரு பார்க்கப் போறான்னு பாதியில விட எனக்கு மனசு வரலைம்மா. உள்ளேயும் பளபளன்னு இருக்கட்டும்னு..." என்று அவர் அழுதே விட்டார். வெல்டர் அவர் தோளில் கை போட்டு, "நல்லாத்தான் பூசியிருக்கே" என்றார். அவர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்படியே போயிருந்தால் சில நூறு கிலோமீட்டரில் காற்றாடி மூடியில் உரசி உடைந்திருக்கும் என்றார் இன்ஜினியரம்மா. பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுப் பேரிங் போடுகிறோம். மருந்துக் கடைக்காரரிடம் இரண்டு வாரம் தள்ளிப்போகும் என்றதற்கு, "ரெண்டு வருஷம் பொறுத்தவனுக்கு ரெண்டு வாரமா?" என்றாராம்.

இன்ஜினியரம்மா என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. காது டாக்டரிடம்தான் போகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் மே பத்துக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது.

போய் வந்து எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

உன் தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். பத்தாம் தேதி போய்விட்டது. தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார், பாவம்.

பட்டறைக்குப் போன் போடலாம் என்று இரண்டு தடவை கடைவரைக்கும் போய்த் திரும்பினேன். நல்ல செய்தியானால் உன் வாயால் வரட்டும். வேறு மாதிரி என்றால் பெயிண்டர் வாயால் எனக்கு வேண்டாம்.

சாமியிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது. கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டுவிட்டேன். ஒரு காது எடுத்துக்கொண்டாயே, அது போதாதா உனக்கு என்றுகூடக் கேட்டேன். அப்புறம் மன்னிப்பும் கேட்டேன். வண்டியின் கோளாறைக் காட்டிக் கொடுத்த சாமி உன் காதையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டு துணி துவைக்கிறேன். துவைத்த துணியையே திரும்ப நனைக்கிறேன்.

டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும் எழுது.

அக்கா


மே 24

என் அருமை அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். பத்தாம் தேதி போனேன். உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, ஆனால் சுற்றிலும் புண்ணாகி வீங்கியிருக்கிறது, சொட்டு மருந்து விட்டு வீக்கம் வற்றியபிறகுதான் எடுக்க முடியும் என்றார்கள். எடுத்தபிறகு கேட்குமா என்று கேட்டேன், எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இதை எழுதி உன்னை இன்னும் பத்து நாள் தவிக்கவிட வேண்டாம் என்று இருந்துவிட்டேன். எழுதாமல்தான் அதிகம் தவிக்கவிட்டேன் என்று உன் கடிதம் வந்தபிறகு தெரிகிறது.

நேற்று எடுத்தார்கள்.

டாக்டர் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, ஒரு இழு இழுத்தார். வலித்தது. தட்டில் எதையோ போட்டார். அது விழுந்த சத்தம் கேட்டது. பஞ்சு மாதிரி ஒரு துணுக்கு, அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது அக்கா! அப்புறம் நர்ஸ் காகிதம் புரட்டுகிறார், மின்விசிறி கடகடக்கிறது, வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தட்டித் திறந்துகொண்டு வந்தது. "ஏன் எல்லாரும் கத்துறீங்க?" என்று கேட்டேன். "யாரும் கத்தலைங்க" என்றார் நர்ஸ். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

தட்டில் என்ன இருந்தது தெரியுமா? சிவப்பு ஸ்பாஞ்ச். சீட்டு ஸ்பாஞ்ச். ஏதோ ஒரு நாள் பிய்ந்து உள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் நான் புதுத் துண்டைச் செருகி அதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன். அதற்கு மேல் அழுக்கு சேர்ந்து கெட்டியாகிவிட்டது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன இது?" என்றார். "மோட்டார் சைக்கிள் சீட்டு, டாக்டர்" என்றேன். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அந்த இரும்புக் கவையையும் வைத்துப் பார்த்தார்கள். வலது நரம்பு நன்றாக இருக்கிறதாம். "யாரோ நல்லவங்க உங்களைத் துரத்தி அனுப்பியிருக்காங்க. இன்னும் விட்டிருந்தா புண்ணு உள்ளே போயிருக்கும்" என்றார் டாக்டர். அக்கா என்று சொன்னேன்.

பட்டறையில் இன்ஜினியரம்மா இருக்கிற ஸ்பாஞ்ச் துண்டை எல்லாம் கூட்டி எடுத்துவிட்டு, எல்லோருக்கும் தலையில் மாட்டுகிற பெரிய காதுமூடி வாங்கிப் போட்டிருக்கிறார். பெயிண்டர் தன் இரண்டு காதையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். ஒன்றும் இல்லையாம், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு.

வண்டிக்குப் புதுப் பேரிங் போட்டாயிற்று. ஒரு தடவை காதால் கேட்டேன், ஒரு தடவை பல்லால் கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை அவர் எடுத்துப் போகிறார்.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுகிறேன். மாமாவைப் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்.

கேட்கிற காதோடு,
உன் தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீயும் நலம். எழுதாமலே எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் மே 24 கடிதத்தைப் படித்த அன்று எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது. மாமியார், "என்ன கருகுது?" என்று கேட்டார்கள். சிவப்பு ஸ்பாஞ்ச் என்று சொன்னேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்கும் மிஷின் வந்துவிட்டது, காதில் மாட்டியாயிற்று. இனிமேல் அடுக்களையில் நான் வாய்க்குள் முணுமுணுக்க முடியாது. நேற்று முதல்முறையாக, "எல்லாம் கேட்குதும்மா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

ஞாயிறு நீ கூப்பிட்டபோது எடுத்த கையோடு பேச வேண்டும் என்று காலையிலிருந்து பத்து விஷயம் சேர்த்து வைத்திருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும், ஜனவரியில் நீ கேட்காமல் விட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும், திட்டவும் வேண்டும். "அக்கா" என்று உன் குரல் வந்ததும் எல்லாம் போய்விட்டது. "பேசு அக்கா, என்ன சத்தத்தையே காணோம்" என்கிறாய். எனக்கு வாய் திறக்கவில்லை. தொண்டையில் வெறும் "ம்ம்ம்" மட்டும்தான் வந்தது.

"கேட்குது அக்கா" என்றாய்.

அதற்கப்புறம் நீ மருந்துக் கடைக்காரர் கதை சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வண்டியை எடுக்க வந்த இடத்துக்கு அவர் வீட்டம்மாவும் பின்னாலேயே வந்து நின்று, "ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை வாக்கிங் போனது இங்கேதானா?" என்று கேட்டார்களாமே! உன் மாமாவிடம் சொன்னேன், அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தம்மா கோபிக்காமல், "பின்னாடி சீட்டு எங்கே?" என்று கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மிச்ச ஸ்பாஞ்சை எல்லாம் அவர்களுக்குப் பின்சீட்டு செய்யப் போட்டுவிடுங்கள். அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

தபால் தலை வரியைக் கணக்கிலிருந்து எடுக்கவா என்று உன் மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். போனில் நீ எதையும் சிரித்தே மழுப்பிவிடுவாய். காகிதத்தில் மழுப்பினால் எனக்கு உடனே தெரிகிறது. இரண்டாவது வண்டிக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று எழுது. நல்ல பெயராக வைக்கச் சொல்.

அந்த மனுஷனும் அந்தம்மாவும் போகிற வழியெல்லாம் பத்திரமாகப் போக வேண்டும் என்று தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன வண்டி என்று சாமிக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் இல்லையா, அதனால் பெயரையும் சொல்லிவிட்டேன். பேய்.

நிம்மதியாக,
உன் அக்கா